இடது மூலையில் சிவப்பு நூல்

நூலக மாடியில் புதன்கிழமைதோறும் கூடும் ஒட்டுப்போர்வைச் சங்கத்துக்கு ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. சங்கத் தலைவியான கணக்கு டீச்சர் மாதாமாதம் அதில் செய்திகளை எழுதிக் குத்தி வைப்பார். அந்த மழைக்காலத்துச் செய்திகள் இவை: குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் இரண்டு போர்வைகள் கொடுக்கப்பட்டன. ஜன்னலோரம் யாரோ விட்டுப்போன விரல் தொப்பி டீச்சரிடம் இருக்கிறது; ஊசி குத்தாமல் இருக்க வேண்டியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். டீக் கோப்பையோடு யாரும் போர்வைப் பக்கம் வரக் கூடாது. கண்காட்சிக்கான வெள்ளைப் போர்வை முடியும் தறுவாயில் இருக்கிறது. நடுவர் வெளியூரிலிருந்து வருகிறார். தையல் சீராக இருக்க வேண்டும்.

கடைசி வரியின் அடியில் டீச்சர் இரண்டு கோடு இழுத்திருந்தார். பணி ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு அடிக்கோடு போடும் பழக்கம் போகவில்லை.

ஒட்டுப்போர்வை தைப்பது தனியாள் வேலை இல்லை. பழைய சட்டை, திரைச்சீலை, மேசைவிரிப்பு என்று வீடுகளிலிருந்து வருவதையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து ஒரு பெரிய மேல்துணி ஆக்குவார்கள். அதன் கீழே பஞ்சு. பஞ்சுக்குக் கீழே அடித்துணி. மூன்றையும் கட்டில் அளவு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்றும் ஒன்றாகப் பிடிக்கும்படி பொடித் தையலாக ஓட்டிக்கொண்டு போவார்கள். போர்வையில் யாரும் பெயர் எழுதுவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரம் அவரவர் பங்கு. அங்கே விழும் தையலே அவரவர் பெயர்.

சங்கத்தில் கண்டிப்பான விதி ஒன்று இருந்தது. ஒருவர் போட்ட தையலை அவர்தான் பிரிக்க வேண்டும். அடுத்தவர் தொடக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்ததே டீச்சர்தான். பேக்கரிக்காரி புதிதாகச் சேர்ந்தபோது அவள் தைத்த இடம் கோழி கிளறிய தரை போல இருந்தது. பக்கத்தில் இருந்தவர் அதைச் சரிசெய்யக் கை நீட்டியபோது டீச்சர் தடுத்து, தப்புக் கணக்கை மாணவிதான் அழித்துப் போட வேண்டும், டீச்சர் அழித்தால் அது டீச்சர் கணக்காகிவிடும் என்றார். பேக்கரிக்காரி பிரித்துப் பிரித்துத் தைத்து இன்று எல்லோரையும் கேலி செய்யும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

அந்த விதியை மீறியதும் டீச்சர்தான். அதுவும் இரக்கப்பட்டு.

போர்வையின் இடது மூலை பல்லம்மாவின் இடம். அவர் பல் டாக்டர். அந்தத் தெருக்களில் அவரிடம் வாயைத் திறக்காதவர்கள் குறைவு. குழந்தைகள் பயத்தில் வைத்த பெயர் பெரியவர்கள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. சில வருஷங்களுக்கு முன் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. சும்மா இருக்கும்போது இல்லை. எதையாவது செய்யப் போனால்தான் நடுங்கும். டீயைத் தூக்கினால் கோப்பை தட்டில் தாளம் போடும். அடுத்தவர் வாய்க்குள் அந்தக் கையை விடக் கூடாது என்று யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே முடிவு செய்து, மருத்துவமனையைப் பூட்டிவிட்டு, மறுநாளே நூலக மாடி ஏறி வந்துவிட்டார். துணிக்கு வலிக்காதே, அதனால் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

பக்தியுள்ளவர். காலையில் எழுந்ததும் கை கூப்பி நிற்பார். கூப்பிய நேரத்தில் மட்டும் அந்தக் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். மற்ற நேரமும் இப்படி இருந்தால் என்ன என்று கேட்க மாட்டார். இந்த அளவாவது இருக்கிறதே என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

வெள்ளைப் போர்வை தொடங்கிய பிறகு ஓர் அதிசயம் நடந்தது. புதன்கிழமை வந்து போர்வையை மூடிய துணியை எடுத்துப் பார்த்தால், போன வாரம் தான் போட்ட தையல் நினைத்ததைவிட நேராக இருப்பதைக் கண்டார். முதலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அடுத்த வாரமும் அப்படியே. தைக்கும்போது ஊசி அங்கும் இங்கும் ஓடுவது போலத் தெரிந்தாலும் விழுந்த தையல் ஒழுங்காகத்தான் விழுகிறது என்று நம்பத் தொடங்கினார். கை தேறுகிறது என்று கணவரிடம் சொன்னார். கணவர் பூட்டிக் கிடந்த மருத்துவமனையைத் திறந்து, நோயாளிகள் சாயும் நாற்காலியைத் துடைத்து வைத்தார். காலை வழிபாட்டில் ஒரு நன்றி கூடிற்று.

நடந்தது வேறு. சாயங்காலம் கீழே கணவர் ஹாரன் அடித்ததும் பல்லம்மா கிளம்பிவிடுவார். அதன் பிறகு மற்றவர்கள் இடத்தை ஒழுங்குபடுத்தப் பின்தங்குவார்கள். அப்போது அந்த மூலைத் தையலைப் பிரித்து வேறு தையல் போடுவார்கள். பிரித்தது பல்லம்மாவின் நாத்தனார். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் அவளைத்தான், வீட்டு மனுஷி செய்தால் தப்பாகத் தெரியாது என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி மேல் உயிரையே வைத்திருப்பவள். ரொம்ப நேர்த்தியாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் பெரிய தையலாகவே போட்டாள். அண்ணியின் பழைய நல்ல கை எப்படித் தைக்குமோ அப்படி. பல்லம்மா சந்தோஷப்படுவதைப் பார்த்து அவளும் சந்தோஷப்பட்டாள். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காட்டிக்கொடுத்தது மழை. கூரை ஒழுகிப் போர்வைக்கு மேலேயே சொட்டத் தொடங்கியதால், சட்டத்தை நகர்த்தி ஜன்னலை ஒட்டிப் போட்டார்கள். பழைய இடத்தில் ஒரு வாளி உட்கார்ந்தது. அந்தப் புதன்கிழமை பல்லம்மா தன் மூலையில் குனிந்தபோது வெளிச்சம் பக்கவாட்டில் வந்து துணியின் மேல் படிந்தது. நேரான வெள்ளைத் தையலுக்குப் பக்கத்திலேயே வெறும் துளைகளாக இன்னொரு வரி தெரிந்தது. மேலேறி, கீழிறங்கி, கோணி, தாண்டி. நூல் இல்லை, ஊசி போன தடம் மட்டும். நெருக்கமாக நெய்த துணி, துவைக்கும் வரை தடத்தை விடாது.

பல் பிடுங்கிய ஈறு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரலால் அந்தத் துளைகளைத் தடவினார். இதுதான் தன் கை. பக்கத்தில் இருப்பது வீட்டிலேயே பார்த்துப் பழகிய கை என்றும் தெரிந்துவிட்டது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்று சொல்லிக் கீழே இறங்கி, ஹாரன் சத்தம் வரும் வரை நூலக வாசலில் நின்றார்.

மறுநாள் காலை நாத்தனார் வழக்கம்போல அடுத்த வீட்டிலிருந்து சமையலறைக் கதவு வழியாக வந்தாள். பல்லம்மா அவளுக்கு டீ ஊற்றவில்லை.

"என் மூலையை யார் பிரிச்சது?"

"எந்த மூலை அண்ணி?"

"வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் தொழிலே. நீயா திறந்துடு."

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்தான் என்றாள். டீச்சர் சொன்னது, நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது, போன வருஷம் சங்கம் கடைசியாக வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அண்ணி" என்றாள்.

"வலி தெரியக் கூடாதுன்னு நானும் எத்தனையோ பேருக்கு மரத்துப்போற ஊசி போட்டிருக்கேன். ஆனா பல்லைப் பிடுங்கிட்டு, உன் பல்லு இன்னும் உன் வாயிலதான் இருக்குன்னு யாரையும் ஏமாத்தினதில்லை."

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பல்லம்மாவின் குரல் உயரவில்லை.

"கை சரியாகுதுன்னு தினமும் கடவுளுக்கு நன்றி சொல்லிட்டிருந்தேன். அந்த நன்றியை இப்ப எங்க கொண்டு போய் வைக்கிறது, சொல்லு."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தானே போய் டீச்சரிடம் பேசுவதாகச் சொன்னாள்.

"நீ யார்கிட்டயும் பேச வேணாம். புதன்கிழமை எனக்கு ஒரே ஒரு உதவி செய். சும்மா இரு."

பிறகுதான் டீ ஊற்றினார். அதற்கு மேல் அவளைப் பட்டினி போட அவருக்கு மனம் வரவில்லை.

பல்லம்மா கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதற்கு அவர், நாற்காலியைத் துடைத்தது வீண் இல்லை, அதில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிக்க நன்றாக இருக்கிறது என்றார். பல்லம்மா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

புதன்கிழமை வந்தது. பல்லம்மா தன் மூலையில் உட்கார்ந்தார். முதலில் அங்கிருந்த நேரான வெள்ளைத் தையலைக் காட்டி, இது உன்னுடையது, நீயே பிரி என்று நாத்தனாரிடம் சொன்னார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு பிரித்தாள். அறை முழுவதற்கும் விஷயம் விளங்கிவிட்டது. பேக்கரிக்காரி தான் கொண்டுவந்த பிஸ்கட்டை மென்று விழுங்க மறந்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மூலை வெறும் வெள்ளையானதும் பல்லம்மா பையைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். ரத்தச் சிவப்பு.

"டாக்டர், இது வெள்ளைப் போர்வை" என்றார் டீச்சர்.

"தெரியுது டீச்சர். என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை."

"கண்காட்சிக்குப் போறது."

"அதனாலதான் சிவப்பு. வெள்ளையில தைச்சா, யார் தைச்சது, யார் பிரிச்சதுன்னே தெரிய மாட்டேங்குது."

டீச்சர் தப்பு செய்தவர் போல நெளியவில்லை. தன் பக்கத்து நியாயத்தை நிதானமாகச் சொன்னார். நூலகத்து நிர்வாகிகள் இந்த அறையைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கேட்கிறார்கள். சங்கத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரமாவது கிடைத்தால் அவர்கள் வாயை அடைக்கலாம். ஒருவருடைய மூலைக்காக எல்லோருடைய அறையையும் விடுவதா? அவமானப்படுத்த நினைத்திருந்தால் நேரடியாகவே சொல்லியிருப்பேன், மரியாதை இருந்ததால்தான் மறைத்தேன் என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

பல்லம்மா முழுவதையும் கேட்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தான். பிரிக்கணும்னா பிரிங்க. ஆனா நான் போனப்புறம் இல்லை. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன். என் கண்ணு முன்னாடி பிரிங்க."

சொல்லிவிட்டு ஊசியை இறக்கினார். கை ஆடியது. ஊசி நினைத்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளிப் போய்க் குத்தியது. வெள்ளைத் துணியில் சிவப்புத் தையல், குடித்தவன் நடந்த வழி போல வளைந்து வளைந்து போயிற்று. அவர் நிறுத்தவில்லை.

டீச்சர் பின்வாங்குகிற ஆள் இல்லை. தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு சட்டத்தைச் சுற்றி வந்து, பல்லம்மாவுக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த வரியைப் பிரித்தார். முகத்தைப் பார்க்காமல்தான் பிரித்தார். பல்லம்மா அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்து, நூலை நீவிவிட்டு, அதே இடத்தில் மறுபடி ஊசியை இறக்கினார். டீச்சர் பிரித்தார். பல்லம்மா தைத்தார். கரும்பலகையில் எழுதுவதும் அழிப்பதும் போல அது நடந்துகொண்டிருந்தது. வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

கீழே ஹாரன் கேட்டது. பல்லம்மா தலை நிமிரவில்லை. மறுபடியும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கணவர் குடையோடு படியேறி வந்தார். வாசலில் நின்று பார்த்தார். கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, குடையை மடக்கிக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

பிரித்துப் பிரித்து நூல் நைந்து அறுந்துபோயிற்று. பல்லம்மா கண்டிலிருந்து புது நூல் வெட்டினார். அப்போதுதான் அவர் யோசிக்காத ஒன்று எதிரே வந்து நின்றது. ஊசியில் நூல் கோக்க வேண்டும்.

அவர் ஊசி கோத்துப் பல நாளாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் அவருடைய குட்டித் தலையணையில் நூல் கோத்த ஊசிகள் தயாராகக் குத்தியிருக்கும். நாத்தனார் முன்கூட்டியே வந்து செய்து வைப்பாள். இன்றைக்கு வீட்டில் கணவர் கோத்துக் கொடுத்துக் கொண்டுவந்தது அந்த ஒரு ஊசிதான். சும்மா இரு என்று சொல்லியிருந்ததால் நாத்தனார் சும்மா இருந்தாள். அவள் கைகள் தானாக நீண்டுவிடாதபடி அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பல்லம்மா நூல்முனையை ஊசிக் காதுக்குக் கொண்டுபோனார். அது இடப்பக்கம் போயிற்று. மறுபடியும் முயன்றார். வலப்பக்கம் போயிற்று. நூலை நாக்கில் நனைத்தார். ஊசி ஒரு பக்கம் ஆடியது, நூல் ஒரு பக்கம் ஆடியது. இரண்டும் சந்திப்பதாக இல்லை. சுற்றிலும் இருந்தவர்கள் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துணியைப் பார்த்தார்கள். இனி எழுந்து வீட்டுக்குப் போவதுதான் மிச்சம் என்று தோன்றும்படி இருந்தது. கணவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

பல்லம்மா நிமிர்ந்தார். தன் மருத்துவமனையில் பக்கத்தில் நிற்பவரிடம் கருவியைக் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்க."

டீச்சர் கையில் பிரிக்கும் கத்தி இருந்தது. ஊசி கோக்க இரண்டு கையும் வேண்டும். டீச்சர், பல்லம்மா நீட்டிய ஊசியைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நீட்டியபடியே இருந்தது. அதுவரை பார்க்காமல் வைத்திருந்த முகத்தையும் பார்த்தார்.

கத்தியைச் சட்டத்தின் மேல் வைத்தார். ஊசியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரே முறையில் கோத்தார். நுனியில் முடிச்சும் போட்டார்.

"முடிச்சு ரெண்டு சுத்தா?" என்றார் பல்லம்மா.

"ரெண்டு சுத்துதான்."

டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கத்தியை மறுபடி எடுக்கவில்லை. பல்லம்மா தைத்துக்கொண்டு போனார். நூல் தீரும்போதெல்லாம் ஊசியை நீட்டினார். டீச்சர் கோத்துக் கொடுத்தார். எதிரே பேக்கரிக்காரி அப்போதுதான் பிஸ்கட்டை மென்று விழுங்கினாள். வாயைத் திறக்கச் சொல்லாமலே டீச்சருடைய வாயை டாக்டர் மூடிவிட்டார் என்று அவள் பக்கத்தில் சொல்ல, நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள்.

நாம் ஒருவருக்குச் செய்யும் உதவியை அவருக்குத் தெரியாமல் செய்வது உயர்வு என்று நினைக்கிறோம். அன்னமிடுவதில் அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒருவருடைய வேலையை அவருக்குத் தெரியாமல் செய்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஊசி கோப்பதும் உதவிதான். தையலைப் பிரிப்பதும் உதவி என்று நினைத்துச் செய்ததுதான். ஒன்று கேட்டபோது முகம் பார்த்துக் கொடுத்தது; மற்றது கேட்காமல் முதுகுக்குப் பின்னால் செய்தது. கடவுள் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும் முன் பல்லம்மா தன் மூலையை ஒரு முறை பார்த்தார். அந்தக் கத்தியை எடுத்து, நடுவில் இருந்த ஒரு வரியைத் தானே பிரித்தார். அதில் ஊசி அடித்துணி வரை இறங்காமல் பஞ்சைப் பிடிக்காமல் போயிருந்தது. கோணல் இருந்தால் இருக்கட்டும், பிடிப்பு இல்லாதது இருக்கக் கூடாது என்று சொல்லி மறுபடி தைத்தார். அதற்கும் ஊசி கோத்தது டீச்சர்தான். கணவர் குடையை விரித்து மடக்கி விளையாடிக்கொண்டு காத்திருந்தார்.

கண்காட்சியில் போர்வையைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளை, சாம்பல், வெளிர்நீலம் என்று அமைதியாக இருந்த துணியில் இடது மூலை மட்டும் யாரோ உரக்கப் பேசியது போல இருந்தது. நடுவர் பூதக்கண்ணாடியை வைத்து வலமிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். நன்று, நன்று என்று முணுமுணுத்தவர் இடது மூலையில் நின்றுவிட்டார். நல்ல வேலை, இந்த ஒரு மூலையைப் பிரித்துத் தைத்திருக்கக் கூடாதா என்று டீச்சரைக் கேட்டார்.

"பிரிச்சுப் பார்த்தோம் சார்" என்றார் டீச்சர். "அவங்க வீட்டுக்குப் போக மாட்டேங்கறாங்க."

நடுவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற பல்லம்மா கைகளைக் கூப்பி அவருக்கு வணக்கம் சொன்னார். அந்தக் கைகள் அசையாமல் இருந்தன.

அடுத்த மாதம் பலகையில் புதுத் தாள் குத்தியிருந்தது. வெள்ளைப் போர்வை குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்பட்டது. கூரை ஒழுகல் பற்றி நிர்வாகத்திடம் மீண்டும் சொல்லப்பட்டது. அறையைக் கேட்டால் தரப்போவதில்லை என்றும் சேர்த்தே சொல்லப்பட்டது. விரல் தொப்பிக்கு இன்னும் யாரும் வரவில்லை. கண்காட்சியில் நமக்குப் பரிசு இல்லை. இடது மூலைத் தையல் சீராக இல்லை என்று நடுவர் குறித்திருக்கிறார். அது சீராக இருக்காது.

அந்தக் கடைசி வரியின் அடியில் டீச்சர் இரண்டு கோடு இழுத்திருந்தார். சிவப்பு மையில்.